பதினொன்றரை மணித் தாழ்வு

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கடைமடையில் நட்டிருந்த அளவுக்குச்சியில் தண்ணீர் பன்னிரண்டாம் கோட்டை விட்டு இறங்கியது. சலசலப்பு இல்லை, குப்பை எதுவும் அடித்து வரவில்லை. பதினொன்று, பத்து, எட்டு. ஏழாம் கோட்டில் வந்து நின்றுகொண்டது. காஸியான் குச்சியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் அரைமணி நேரம் இப்படியே கிடக்கும், பிறகு எதுவுமே நடக்காததுபோல ஏறிப் பன்னிரண்டில் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை. பதினாறு வருடமாக இந்த மலைவாய்க்காலில் முறைப்படி தண்ணீர் திருப்பிவிட்டுக் காவல் பார்க்கும் நீர்க்கட்டியாக இருப்பவன். ஐந்தரைக் கிலோமீட்டர் கரையில் எந்தக் கல் ஆடும், எந்த வேரடியில் கசியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். ஒரு குச்சியின் முன்னால் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"நல்லா குனிஞ்சு பாரு. குச்சிகிட்ட கேட்டாலாவது சொல்லும்," என்றாள் ஃபிலோமேனா. புல்வெளியின் ஓரத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தாள். "திங்கக்கிழமை யாருக்காவது குறையுதா? புதன்கிழமை? என் முறை வந்தா மட்டும் உன் வாய்க்காலுக்கு மூச்சு முட்டிப்போகுது."

"தலைமடையில நான் எதையும் தொடல, ஃபிலோமேனா."

"தொட்டேன்னா சொன்னேன்? தொடாமலே எடுக்கிற வித்தை தெரிஞ்சவன்னு ஊரே பேசுது, தண்ணிக்காரரே."

அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் 'ரே' போட்டுப் பேசுவது மரியாதைக்கு அல்ல.

வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் அந்தச் சரிவில் மழையை நம்பி யாரும் புல் வளர்ப்பதில்லை. பனியாற்றின் அடியிலிருந்து வரும் ஓடையை மடக்கி, பாறையைக் குடைந்து கொண்டுவந்த வாய்க்கால்தான் இருபத்தொரு பண்ணைகளுக்கும் உயிர். வாரத்தின் மணிநேரங்கள் பண்ணைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஃபிலோமேனாவுடையது கடைசிப் பண்ணை. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து ஒன்று வரை அவள் முறை. சரிவான புல்வெளியில் நீர் பாய்ச்சுவது பானையில் நீர் நிரப்புவது போலல்ல. முழு வேகத்தில் வந்தால்தான் தண்ணீர் அடிவரை போய்ச் சேரும். நடுவழியில் வேகம் குறைந்தால், வந்த தண்ணீரையெல்லாம் மேல்பாதி மண்ணே குடித்துவிடும். அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. மேல்பாதி பச்சை, கீழ்பாதி பழுப்பு. இரண்டாம் அறுப்புக்குப் பாதிப் புல் இல்லை. குளிர்காலத்தில் அவளுடைய பன்னிரண்டு மாடுகளில் பாதி எதைத் தின்னும் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

அவள் முறையில் மட்டும் குறைகிறது என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஒன்பது வருடங்களுக்கு முன், அவள் புருஷன் மரம் வெட்டப்போய்க் காலை முறித்துக்கொண்ட நாளில், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப இருபது நிமிடம் தாமதமாகி, மடை திறந்தே கிடந்தது. காஸியான் வந்து முறை முடிந்தது என்று எல்லோர் கண் முன்னாலும் பலகையை இறக்கிவிட்டான். விதி அதுதான். அதற்குப் பிறகு இருவரும் தேவாலயத்தில் ஒரே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பகைதான் இப்போது தண்ணீரில் தெரிகிறது என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் வாய்க்கால் சபை கூடுகிறது. ஃபிலோமேனா தீர்மானம் கொடுத்திருந்தாள்: காஸியானை நீக்க வேண்டும், வாய்க்காலைக் குழாயில் அடைக்க வேண்டும், குழாய்க்கு நீர்க்கட்டி தேவையில்லை. வேலை போவதுகூடப் பெரிதில்லை. தண்ணீர்த் திருடன் என்ற பெயர் இந்தச் சரிவில் மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவன் தேடாமலும் இல்லை. நல்ல யோசனையோடுதான் தேடினான். தலைமடையில் ஒரு மரச்சில்லைப் போட்டால் அது கடைமடைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே பதினொன்றரைக்குக் கடைமடையில் வரும் தண்ணீர் எட்டரைக்குத் தலைமடையை விட்டுப் புறப்பட்ட தண்ணீர். எட்டரைக்குச் சில்லைப் போட்டு, அதோடு கூடவே நடந்தால், எந்த இடத்தில் தண்ணீர் திருடப்படுகிறதோ அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், அவன் நின்றே ஆகவேண்டும். திருடன் தப்ப வழியே இல்லை. மூன்று வாரமாக அப்படித்தான் நடந்தான். ஆமை நடை. ஊன்றுகோல் பிடித்த சுற்றுலாக்காரர்கள் பின்னால் வந்து உரசிக்கொண்டு தாண்டிப்போனார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்பவன் நடக்க வெட்டிய ஒற்றையடிப் பாதையில் அவன் வழிமறிப்பவன் ஆகிவிட்டான். ஒருத்தி அவன் தோளைத் தட்டி, "ஐயா, உடம்புக்கு முடியலையா?" என்றாள். "தண்ணிகூட நடக்குறேன்மா. நீங்க ஓடுங்க, உங்க பஸ்ஸுதான் காத்துக்கிட்டு நிக்கும்," என்றான்.

வழி முழுக்க வாய்க்கால் நிறைந்து வந்தது. திருட்டும் இல்லை, கசிவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவன் கடைமடையில் கால் வைத்த அதே நிமிடத்தில், அவன் கண்ணெதிரே தண்ணீர் இறங்கியது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, மணல்தொட்டியைக் கழுவ வழக்கம்போலத் தலைமடைப் பலகையைப் பாதி இறக்கினான். வழக்கமாக அங்கேயே உட்கார்ந்து ரொட்டியும் புகையேற்றிய பன்றிக் கறியும் தின்றுவிட்டுத்தான் கிளம்புவான். அன்று பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஆத்திரத்தில் ஒரு சில்லை எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தான்.

வாய்க்காலின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் இருக்கிறது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் மரச்சுத்தி ஒன்று இரும்புத் தகட்டைத் தட்டும். தட்டு கேட்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். சில்லு அந்த இடத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஏழு நாற்பதுக்கு, அவனும் சில்லும் சக்கரத்துக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேலாகப் பின்னால் இருக்கும்போதே, தூரத்தில் சுத்தியின் தட்டு தளர்வது கேட்டது. டக், டக் என்று வந்துகொண்டிருந்தது, டக்… டக்… என்று ஆகிவிட்டது.

காஸியான் நின்றான். முதலில் திருடன்தான் என்று நினைத்துக் கையில் இருந்த மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தான். பிறகு காலடியில் பார்த்தான். கரைக்கல்லில் நாலு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு. தண்ணீர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. சில்லு, இறங்கிவிட்ட தண்ணீரில் சாவகாசமாக மிதந்து வந்துகொண்டிருந்தது. அவன் ஏழு மணிக்கு இறக்கிய பலகையின் விளைவு அவனைத் தாண்டி, சில்லையும் தாண்டி, முன்னால் போய்விட்டது.

ஈரக்கோட்டின் நுனியைத் தேடி ஓடினான். சுத்தியைத் தாண்டி அதைப் பிடித்தான். அதோடு நடந்தான். ஆமை நடை அல்ல, சாதாரண மனித நடை. ஒன்பது மணிக்குக் கடைமடையில் இருந்தான். சில்லுக்கு மூன்று மணி நேரம். தாழ்வுக்கு இரண்டே மணி நேரம்.

வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அது எளிதாகிக்கொண்டே வந்தது. பனிமேட்டில் கயிறு கட்டிக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள். கடைசி ஆள் வழுக்கினால் முதல் ஆள் அதை இடுப்பில் உடனே உணர்கிறான். கடைசி ஆள் நடந்து வந்து அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரும் அப்படித்தான். ஒவ்வொரு முழத் தண்ணீரும் பின்னால் வரும் தண்ணீரின் தள்ளலில்தான் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் தள்ளல் குறைந்தால் முன்னால் இருப்பதன் முதுகு தாழ்கிறது, அதற்கும் முன்னால் இருப்பது தாழ்கிறது. தண்ணீர் நடந்து வருகிறது. தாழ்வு அதைவிட வேகமாக வருகிறது. அப்பா, தாத்தா, எல்லா நீர்க்கட்டிகளும் சில்லு போட்டே நேரம் பார்த்தார்கள். சில்லு தண்ணீரின் நேரத்தைச் சொல்லும். தாழ்வின் நேரத்தைச் சொல்லாது.

அப்படியானால் மூன்று வாரமாக அவன் திருடனுக்கு முன்னாலேயே அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறான். அவன் போன பிறகு தாழ்வு பிறந்து, அவன் முதுகுக்குப் பின்னால் துரத்திவந்து, சரியாகக் கடைமடையில் அவனைப் பிடித்திருக்கிறது. இனி எட்டரைக்கு அல்ல, ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நடக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஃபிலோமேனாவின் தொழுவத்துக்குப் போனான். அவள் பால்கறக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள்.

"நாளைக்கு ஒன்பதரைக்கு என்கூட நடந்து வா. எங்க போகுதுன்னு உன் கண்ணாலயே பாரு."

"நாளைக்கு என் முறை. மடையை யாரு பாக்குறது, நீயா?"

"உன் புருஷன் பாக்கட்டும்."

"வராத தண்ணிக்குக் காவல் எதுக்கு? அவனும் படுத்துத் தூங்கட்டும்." மாட்டின் மடியைத் துடைத்தாள். "வரேன். உனக்காக இல்ல. சபையில நீ என்ன கதை விடுவேன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும்ல."

வெள்ளிக்கிழமை அவள் அவனுக்குப் பின்னால் பத்தடி விட்டே நடந்தாள். சுத்தி சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து வந்தது. "நல்லாத்தானே வருது," என்று ஒருமுறை சொன்னாள், குற்றம் சாட்டும் குரலில். பத்தரை மணிக்குப் பாதி வழியில், பாறை முகட்டைச் சுற்றித் திரும்பினார்கள்.

கரையோரம் போட்டிருந்த இரண்டு நீளப் பலகைகளில் இருபத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செருப்பும் மலைபூட்ஸும் பின்னால் குவிந்திருந்தன. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நாற்பத்துநான்கு கால்களையும் வாய்க்காலில் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரே பனிமலை வெயிலில் பளபளத்தது. வரிசைக்கு முன்னால் ஹார்ட்விக் நின்றுகொண்டிருந்தான். மேலே காட்டுச்சாலை ஓரத்து ஹோட்டலின் முதலாளி. செவ்வாயும் வெள்ளியும் விருந்தாளிகளை வண்டியில் கொண்டுவந்து, படிக்கட்டில் இறக்கி, குளிர்நீர்க் கால் வைத்தியமும் வாய்க்கால் சரித்திரமும் சேர்த்து ஊட்டுவான்.

"இந்தத் தண்ணிக்காக நம்ம பெரியவங்க மண்வெட்டியால மண்டையைப் பொளந்துக்கிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அண்ணன் தம்பின்னுகூடப் பாக்கமாட்டாங்க. தண்ணித் திருடன்னா…"

"எல்லாம் கால எடுங்க!" காஸியான் கத்திய கத்தலில் ஒருவர் கையிலிருந்த கைப்பேசி வாய்க்காலில் விழுந்தது.

"அடேய், விருந்தாளிகளை மிரட்டுறியா?" ஹார்ட்விக் பாய்ந்து வந்தான். "உங்கப்பன் வீட்டு வாய்க்காலா?"

"இருபத்தொரு வீட்டு வாய்க்கால். அதுல உன் வீடு இல்ல."

"கால வெச்சா என்ன? கால் தண்ணி குடிக்குமா?"

காஸியான் மேல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பலகைகளுக்குப் பத்துத் தப்படி மேலே கரையில் ஒரு கலங்கல் இருக்கிறது. புயல்மழையில் வாய்க்கால் உடையாமல் இருக்க, மிகுந்த தண்ணீர் வழிந்து போக விட்ட பள்ளம் அது. சத்தமில்லாமல், கண்ணாடித் தகடுபோல, தண்ணீர் அந்தப் பள்ளத்தின் உதட்டைத் தாண்டிக் கீழே கற்குவியலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குள் போவதால் சேறும் இல்லை, தடமும் இல்லை. வெயில் ஐந்து நிமிடத்தில் உதட்டைக் காயவைத்துவிடும்.

"ஃபிலோமேனா, அங்க பாரு."

அவள் பார்த்தாள். கலங்கல் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"கால எடுக்கச் சொல்லு," என்றாள் அங்கிருந்தே.

எடுத்தார்கள். தகடு மெலிந்து, நூலாகி, அறுந்தது. "வைக்கச் சொல்லு." வைத்தார்கள். நாற்பத்துநான்கு கால்களுக்குப் பின்னால் தண்ணீர் நாலு விரல் எழும்பி, மேல்நோக்கித் தேங்கி, கலங்கலைத் தொட்டு வழிந்தது. மூன்று முறை செய்துபார்த்தார்கள். விருந்தாளிகளுக்கு இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று தோன்றியிருக்க வேண்டும்; ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர் கைதட்டினார்.

"தட்டுங்க, நல்லாத் தட்டுங்க," என்றாள் ஃபிலோமேனா. "என் மாட்டுத் தீனியைக் காலால மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. முதலாளி, உனக்கு வெக்கமா இல்ல? தண்ணித் திருடனோட மண்டையைப் பொளந்த கதையைத் தண்ணியைத் திருடிக்கிட்டே சொல்றியே!"

ஹார்ட்விக்கின் முகம் சிவந்தது. "நாலு வருஷமா இங்கதான் உக்காருறோம்! நாலு வருஷமா குறையலையே! இந்த வருஷம் மட்டும் எப்படிக் குறையுது? அதை இவன்கிட்ட கேளு!"

ஃபிலோமேனா மெதுவாகத் திரும்பினாள். காஸியான் கலங்கலின் உதட்டைப் பார்த்தான். புதிதாகக் கொத்திய இடம் மற்றக் கல்லைவிட வெளுப்பாக இருந்தது. அதை அவனைத் தவிர யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கவும் போவதில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குச் சபையில் திருடன் ஹார்ட்விக், நிரபராதி காஸியான். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

"நான்தான் வெட்டினேன்," என்றான். "போன வருஷம் ஜூலைப் புயல்ல இந்த இடத்துல தண்ணி கரை தாண்டித்தான் கீழ் ரோட்டுச் சுவர் போச்சு. அதனால ஏப்ரல்ல கலங்கலை ரெண்டு விரல் தாழ்த்தினேன். முன்னாடி தண்ணிக்கு மூணு விரல் மேல இருந்துச்சு. இப்போ ஒரு விரல்தான் மேல. கால் எழுப்புற நாலு விரல் இங்க ஏறி வர்றப்போ ரெண்டரை ஆயிடும், அது முன்னாடி எட்டல, இப்போ வழியுது. யார்கிட்டயும் சொல்லல. சொல்லணும்னு தோணல."

"அப்போ உன் கைதான்."

"என் கைதான்."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியும் உன் கைதான்." அவள் மண்வெட்டியைக் கல்லில் ஒரு முறை தட்டினாள். "நாளைக்குச் சபையில நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். எத்தனை விரல்னும் சொல்றேன்."

"சொன்னா என் புல்லு முளைச்சுடாது. தீர்மானத்தை நான் திரும்ப வாங்கப்போறதில்ல, தெரிஞ்சுக்கோ." கலங்கலைக் காலால் காட்டினாள். "இப்போவே இதை அடை."

"அடைக்கமாட்டேன். அடுத்த புயல்ல ரோடு போகும், அதுல போறவங்களும் சேந்து போவாங்க."

"அப்போ இவங்களை விரட்டு."

"விரட்டிப்பாரு," என்றான் ஹார்ட்விக். "என் விளம்பரத்தாள்ல இந்த இடம்தான் இருக்கு. வேற இடத்துல பனிமலை தெரியாது."

காஸியான் இருவரையும் விட்டுவிட்டுக் கலங்கலிலிருந்து வாய்க்காலோடு கீழே நடந்தான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். பின்னால் ஹார்ட்விக் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது கேட்டது. ஒவ்வொரு இருபது தப்படிக்கும் குனிந்து, மண்வெட்டிக் காம்பை நீட்டிப் பிடித்து, மேலே விட்டுவந்த கலங்கலின் கல்லோடு மட்டம் பார்த்தான். எண்பதாவது தப்படியில் இரண்டு லார்ச் மரங்களின் நிழலில் நின்றான். கரை அங்கே ஒரு முழம் உயரம். அதற்குக் கீழே கடைமடைவரை கலங்கலே கிடையாது. மரக்கிளைகளுக்கு நடுவில் பனிமலை பாதி தெரிந்தது.

"எல்லாரையும் இங்க கூட்டிட்டு வா!"

இருபத்திரண்டு பேரும் வெறுங்காலோடு, கல் குத்த, சிரித்துக்கொண்டும் முனகிக்கொண்டும் வந்தார்கள். கரையில் வரிசையாக உட்கார்ந்து காலை இறக்கினார்கள். தண்ணீர் எழும்பியது. ஒரு விரல், இரண்டு, நான்கு. சுருட்டிய கால்சட்டைகள் நனைந்தன. பெண்கள் கூச்சலிட்டார்கள். அதற்கு மேல் எழும்பவில்லை. கரைக்குள்ளேயே திரண்டு, கால்களுக்கு இடையில் புகுந்து, முன்பைவிட வேகமாகக் கீழே ஓடியது.

காஸியான் மேலே பார்த்தான். ஃபிலோமேனா கலங்கலின் மேல் குனிந்து உள்ளங்கையை அதன் உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"காஞ்சிருக்கு!" என்று கத்தினாள்.

"பனிமலை பாதிதான் தெரியுது," என்றான் ஹார்ட்விக்.

"மீதியை ஹோட்டல் ஜன்னல்ல பாக்கட்டும். பலகையைப் புடி," என்றான் காஸியான்.

ஹார்ட்விக் பிடிக்கவில்லை. மேலிருந்து ஃபிலோமேனாவே ஒரு பலகையின் முனையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் வாய்க்குள் திட்டிக்கொண்டே போய் மறுமுனையைத் தூக்கினான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒற்றையடிப் பாதையில் பக்கவாட்டாக நகர்ந்து வந்தார்கள். காஸியான் எண்பதாவது தப்படியில் கரையைக் கொத்திச் சமன்செய்து, பலகைக்குக் கல் வைத்தான். அந்த எண்பது தப்படிக்குள் வாய்க்கால் ஒரு சாண் இறங்குகிறது. கால்கள் எழுப்பும் தண்ணீர் நாலு விரல்தான். அது கலங்கலை எட்டாது. உட்காரும் பலகையைக் கலங்கலுக்கு எண்பது தப்படி கீழே போட்டால், எத்தனை பேர் கால் வைத்தாலும் தண்ணீர் முழுவதும் கடைமடைக்குப் போய்ச் சேரும்.